அந்த நூறு கஜம்

ஆந்திரா தனி ராஜ்யமான புதிதில் திருப்பதியில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. மலையிலிருந்து மொட்டையோடு இறங்கி வருகிற குடும்பங்கள்தான் என் பிழைப்பு. சந்தனம் காயாத தலைகளை உயர வாரியாக நிற்க வைத்து, குழந்தையின் அழுகை ஓய்கிற நொடிக்காகக் காத்திருந்து எடுப்பேன். ஒரு நாளைக்கு இருபது குடும்பம்கூட வரும். எல்லாப் படமும் ஒரே படம்போல இருக்கும். பிலிம் வரும் பார்சலில் ஒருமுறை யாரோ வெளிநாட்டுப் பத்திரிகைத் தாளைக் கசக்கி அடைத்திருந்தார்கள். அதைப் பிரித்தபோது ஒரு நாரையின் தலை. அலகில் மீன், மீனின் செதில், நாரையின் கண்ணுக்குள் வானம். அந்தத் தாளை நீவி இருட்டறைக் கதவில் ஒட்டிக்கொண்டேன். எனக்கும் அப்படி ஒரு படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது. அது பிடிக்காமலே இருந்திருக்கலாம்.

பறவை நம்மைக் கிட்டே சேர்க்காது. தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற டெலிபோட்டோ லென்ஸ் வேண்டும். அது மொட்டைத் தலை எடுக்கிறவன் வாங்கக்கூடிய பொருளாக இல்லை. மெட்ராஸுக்கு பிலிம் வாங்கப் போனபோது மூர் மார்க்கெட்டில், யுத்தத்துக்குப் பிறகு கழித்துப் போட்ட சாமான்களுக்கு நடுவில் ஒரு லென்ஸைப் பார்த்தேன். ஆகாய விமானத்திலிருந்து பூமியைப் படமெடுக்க வைத்திருந்ததாம். ஒரு குடம் தண்ணீரின் கனம் இருந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. ஆனால் அதை எந்தக் கேமராவிலும் மாட்ட முடியாது. பின்பக்கம் வெறும் இரும்பு விளிம்பு, நான்கு திருகு ஓட்டை, அவ்வளவுதான். கடைக்காரனே, இதை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டான்.

என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் அக்கா புருஷன் ரேணிகுண்டாவில் ஒரு லேத்துப் பட்டறையில் கடைசல்காரர். மாமா நகரிக்காரர். அவர் வீட்டில் எல்லாரும் தறியில் உட்கார்ந்தபோது இவர் மட்டும் லேத்துக்குப் போய்விட்டார். ஆறடி உயரம். பம்ப் செட்டு, லாரி உதிரிச் சாமான் என்று எது வந்தாலும் கையால் தடவிப் பார்த்தே அளவு சொல்வார். நான் லென்ஸைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தபோது அதைக் கண்ணருகே வைத்து எதிர்ச் சுவரைப் பார்த்தார், திருப்பி வைத்து என்னைப் பார்த்தார்.

"இத்த வச்சிக்கினு இன்னாடா பண்ணப் போற, மச்சான்?"

"நாரை எடுக்கணும் மாமா."

"துன்றதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

மூன்று மாதம் ஆனது. பட்டறை முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, சாயந்திரம் வேலை முடிந்த பிறகு அரை மணி, ஒரு மணி என்று கடைந்தார். பித்தளைக் குழாய் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போகவேண்டும், ஆடவும் கூடாது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவிலான தூரம் ஒரு மயிரிழை தவறினால்கூடத் தூரத்து மலை கூர்மையாக விழாது. நான் குழாயைத் திருப்பதிக்கு எடுத்துப் போய் மலையைப் பார்த்துப் படமெடுத்துக் கழுவிவிட்டு, இன்னும் கொஞ்சம் தேய்க்க வேண்டும் என்று அடுத்த ரயிலில் வருவேன். அவர் ஒரு வார்த்தை சலித்துக்கொண்டதில்லை. முதல் பத்துப் படமும் பனி மூடியதுபோல வெளுத்திருந்தன. குழாயின் உள்பக்கப் பளபளப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது என்று நான் கண்டுபிடித்தேன். அரக்கில் விளக்குக் கரியைக் குழைத்து உள்ளே பூசினால் போகும் என்று அவர் கண்டுபிடித்தார். லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் குறைக்கிற இதழ்கள் மணல் ஏறி இறுகிப் போயிருந்தன. அதற்குப் பதிலாகத் தகரத்தில் வட்டம் வெட்டி நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தார். கடைசியில் கேமராவும் குழாயும் லென்ஸும் சேர்ந்து ஒரு சின்ன பீரங்கி மாதிரி ஆகிவிட்டது. எந்த ஸ்டாண்டும் தாங்கவில்லை. கோணிப் பையில் மணலை நிரப்பி அதன்மேல் படுக்க வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

புத்தூரைத் தாண்டி ஒரு பெரிய ஏரி. கரைமேலேயே பஸ் ரோடு போகும். மழை முடிந்து ஏரி நிரம்பினால் தண்ணீருக்கு நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகள் வந்து கூடு கட்டும். அந்த இடத்தை எனக்குக் காட்டியதே மாமாதான். நகரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறார். கரையின் ஒரு கோடியில் மதகு. மதகுக் கல்லின் பின்னால் உட்கார்ந்து, மணல் பையைக் கல்மேல் போட்டு, லென்ஸைக் கருவேல மரத்தின் பக்கம் திருப்பினால் கூடு கண்ணுக்குள் வந்துவிடும். தாய் தன் தொண்டையிலிருந்து குஞ்சுகளுக்கு மீனைக் கக்கிக் கொடுப்பதை, குஞ்சுகளுக்கு வெயில் படாமல் சிறகை விரித்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பதைப் பார்த்தேன். கடையை வாரத்தில் ஒரு நாள் மூடிவிட்டு அங்கே போனேன். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று எண்ணினால் அவை ஏழெட்டு இருக்கும். எல்லாமே அந்த மதகடியில்தான்.

அந்த நாட்களில்தான் எல்லைத் தகராறு. சித்தூர் ஜில்லாவில் எந்தத் தாலுகா எந்தப் பக்கம் போகும் என்பது எல்லார் வாயிலும் கிடந்த பேச்சு. எங்களுக்கு வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. கடைப் பலகையில் இரண்டிலும் எழுதியிருந்தேன். புத்தூர், நகரிப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் மெட்ராஸோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனார்கள். இந்தப் பக்கம் அதற்கு எதிர் ஊர்வலம். மாமாவுக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை இல்லை. எந்தப் பக்கம் போனாலும் லேத்து ஒரே பக்கம்தான் சுத்தும் என்பார்.

அன்றைக்குக் காலையிலேயே நான் மதகடிக்குப் போய்விட்டேன். குழாயின் முன்பக்கம் தேய்ந்து லேசாக ஆடத் தொடங்கியிருந்தது. புதிதாக ஒரு பித்தளை வளையம் கடைந்து கொண்டுவருகிறேன் என்று மாமா சொல்லியிருந்தார். தனக்கு உடம்பு சரியில்லை என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, ரயிலில் புத்தூருக்கு வந்து, அங்கிருந்து கரைமேல் நடந்து வருவதாகப் பேச்சு.

பத்து மணி வாக்கில் கரைமேல் கூட்டம் சேர்ந்தது. எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை. புத்தூரிலிருந்து வந்த பஸ்ஸை மறித்தார்கள். எனக்கும் பஸ்ஸுக்கும் நடுவே முந்நூறு கஜம் இருக்கும். கோஷம் எனக்கு இரைச்சலாகத்தான் கேட்டது. பிறகு கண்ணாடி உடைகிற சத்தம். அந்தச் சத்தத்துக்கு நாரைகள் மொத்தமாக எழும்பிவிட்டன. கூடுகளில் குஞ்சுகள் மட்டும் வெயிலில் கிடந்தன. படமெடுக்க ஒன்றும் இல்லாமல், சும்மா, லென்ஸைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினேன்.

மனிதர்களை அதன் வழியாக நான் அதுவரை பார்த்ததில்லை. முந்நூறு கஜத்துக்கு அப்பால் இருப்பவர்களின் மூக்கும் முழியும் தெரிந்தன. பஸ் நெற்றியில் எழுதியிருந்த ஊர்ப் பெயர் தெரிந்தது. முன் கண்ணாடியில் ஓட்டை தெரிந்தது. பஸ்ஸின் பக்கத்தில், கூட்டத்தின் தோள்களுக்கு இடையில், மாமா முகம் தெரிந்தது. அவர் அப்போதுதான் வந்து, கூட்டத்தைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றுவிட்டார். மதகடியில் நான் இருப்பேன் என்று தெரியுமாதலால் என் பக்கம் பார்த்து, வளையத்தைக் கொண்டுவந்துவிட்டேன் என்று காட்டுவதற்காக அதைப் பிடித்த கையை உயரத் தூக்கினார். நான் பட்டனை அழுத்தினேன்.

அவர் பஸ்ஸுக்கு நூறு கஜம் பின்னால் நின்றிருந்தார். கூட்டம் கலைந்து அவர் என்னிடம் வந்து சேர்ந்தபோது அவரே சொன்னார், இத்தனை தூரம் தள்ளி நின்றுகொண்டேன், போலீஸ் வந்தால் வம்பு என்று. நாரைகள் திரும்பி வரும்வரை இரண்டு பேரும் அக்கா கட்டிக் கொடுத்த சோற்றைச் சாப்பிட்டோம். வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது.

படத்தைக் கழுவிப் பெரிதாக்கியபோது நான் அசந்துவிட்டேன். நாரைப் படங்களைவிட அது நன்றாக வந்திருந்தது. அத்தனை தூரத்துக் கூட்டத்தைக் கையால் தொடலாம்போல இருந்தது. தொலைவில் இருப்பதை இழுக்கிற லென்ஸ், முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் ஒன்றின்மேல் ஒன்றாக அழுத்திவிடும். நூறு கஜ இடைவெளி ஒரு முழமாகத் தெரியும். இது தொழில் தெரிந்த எனக்குத் தெரியும். அப்போது அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் போட்டு, நாரைப் படத்துக்குப் பக்கத்தில், கடைக் கண்ணாடி ஜன்னலில் வைத்தேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தெலுங்கில் மரியாதையாகப் பேசினார். ஜன்னலில் இருக்கிற படங்களை நான்தான் எடுத்தேனா, அவ்வளவு கிட்டே எப்படிப் போனேன் என்று கேட்டார். கிட்டேயே போகவில்லை என்று சொன்னேன். அவர் நம்பாததுபோலப் பார்த்தார். அது போதாதா எனக்கு? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, லென்ஸை எடுத்து மடியில் வைத்துக் காட்டினேன். மூர் மார்க்கெட்டிலிருந்து விளக்குக் கரிவரை சொன்னேன். திருப்பதியிலேயே வேறு யாரிடமும் இப்படி ஒன்று இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இதைக் கடைந்தது யார் என்று கேட்டார். நான் சட்டத்தை ஜன்னலிலிருந்து எடுத்து வந்து, விரலை வைத்துக் காட்டினேன்.

"இதோ, கை தூக்கிக்கினு நிக்கிறாரே, இவருதான். எங்க அக்கா வீட்டுக்காரர்."

அவர் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தான் போலீஸ் என்று சொன்னார். பஸ் கண்ணாடியை உடைத்த கல் பட்டு டிரைவருக்கு ஒரு கண் போய்விட்டது என்றும் சொன்னார். எனக்கு அதுவரை அது தெரியாது. நெகட்டிவ் வேண்டும் என்றார். கொடுத்தேன். அந்தச் சுருளிலேயே நாரைகளும் இருந்தன. முழுச் சுருளையும் வாங்கிக்கொண்டு போனார். அது திரும்பி வரவே இல்லை.

மாமாவை அன்றைக்குச் சாயந்திரமே பட்டறையில் வைத்துப் பிடித்தார்கள். முதலாளியிடம் விசாரித்தபோது, அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு சொன்னவன் என்று அவர் உள்ளதைச் சொன்னார். அதுவும் வழக்கில் சேர்ந்தது. அக்கா திருப்பதிக்கு ஓடி வந்தாள். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்டு முடித்துவிட்டு, "நீயாடா காட்டின?" என்று மட்டும் கேட்டாள்.

வழக்கு சித்தூரில் நடந்தது. நான்தான் சாட்சி, போலீஸ் தரப்புச் சாட்சி. படத்தை எடுத்தவன் நான் என்பதால் நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் வக்கீலிடம் லென்ஸின் குணத்தை விளக்கியபோது அவர் முகம் தெளிந்தது. அதைச் செய்து காட்ட முடியுமா என்று கேட்டார். அக்காவையும் மாமாவின் தம்பியையும் அழைத்துக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். அதற்குள் ஏரி வற்றித் தரை வெடித்திருந்தது. கருவேல மரங்களில் காலிக் கூடுகள். பஸ் நின்ற இடத்தில் அக்காவை நிற்க வைத்தேன். கயிறு பிடித்து நூறு கஜம் அளந்து, மாமாவின் தம்பியைக் கையில் கல்லோடு நிற்க வைத்தேன். பங்குனி வெயில். கானலில் தூரம் முழுவதும் அலை அலையாக நெளிந்தது. லென்ஸில் இருவரும் ஒட்டி நிற்பதுபோலத்தான் தெரிந்தார்கள், ஆனால் இரண்டு பேருமே தண்ணீருக்குள் இருப்பதுபோலக் கலங்கித் தெரிந்தார்கள். மூன்று நாள் போய் எடுத்தேன். மூன்று நாளும் அக்கா குடை வேண்டாம் என்று அந்த வெயிலில் நின்றாள். படத்தில் முகத்தைக்கூட அடையாளம் சொல்ல முடியாது.

கோர்ட்டில் அரசு வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார். இந்தப் படத்தில் நீ ஏதாவது தீட்டியோ ஒட்டியோ மாற்றியிருக்கிறாயா? இல்லை என்றேன். அன்றைக்கு அந்த இடத்தில் நீ பார்த்ததுதானே இதில் இருக்கிறது? ஆமாம், ஆனால் லென்ஸ் வந்து... என்று தொடங்கினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார்கள். ஆமாம் என்றேன்.

எங்கள் வக்கீல் முறை வந்தபோது என்னால் முடிந்தவரை சொன்னேன். தமிழில் தொடங்கித் தெலுங்குக்குப் போய், லென்ஸ் சங்கதி வந்ததும் பாதி இங்கிலீஷில் தடுமாறினேன். மாஜிஸ்டிரேட் பொறுமையாகத்தான் கேட்டார். குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் ஆறடி, படத்தில் அவர் தலை மற்றவர்களின் தோளுக்குத்தான் வருகிறது, ஆகையால் அவர் பின்னால் வெகு தூரத்தில் நின்றிருக்க வேண்டும் என்று வக்கீல் எடுத்துச் சொன்னார். அது நல்ல வாதம். எனக்கே அது தோன்றியிருக்கவில்லை. அரசு வக்கீல் எழுந்து, கல்லெறிகிறவன் குனிவான் என்றார். இடுப்புக்குக் கீழே கூட்டம் மறைத்திருந்தது. கையில் இருந்தது பித்தளை வளையம் என்றோம். படத்தில் அது ஒரு கறுப்புப் புள்ளி. ஏரிக்கரையில் எடுத்த படத்தை மாஜிஸ்டிரேட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது அன்றைக்கு எடுத்ததல்ல, எடுத்தவரும் குற்றவாளியின் மைத்துனர் என்று சொல்லிக் கீழே வைத்தார்.

ஒன்றரை வருஷம் தண்டனை. கூண்டிலிருந்து இறங்கும்போது மாமா என்னைப் பார்த்து, அக்காவை ரயில் ஏற்றிவிடு என்பதுபோலக் கையைக் காட்டினார்.

அடுத்த வருஷம் புரட்டாசியில், கூட்டம் அதிகமான ஒரு நாளில், ஒரு குடும்பம் படமெடுக்க வந்தது. அப்பா, அம்மா, இரண்டு பெண் குழந்தைகள், எல்லாரும் மொட்டை. அப்பாவுக்கு இடது கண் இல்லை. குழி மூடியிருந்தது. அந்தக் கண் தெரியாமல் எடுங்கள் என்று தெலுங்கில் கேட்டுக்கொண்டார். நான் அவரை ஓரமாகத் திருப்பி நிற்க வைத்தேன். விளக்கைச் சரிசெய்யும்போதுதான் அவர் சொன்னார், தான் பஸ் ஓட்டியவர் என்று. விசாரித்துக்கொண்டுதான் இந்தக் கடைக்கு வந்தாராம். நன்றி சொல்ல வந்தாராம். தண்டனை பெற்றவர் என் மாமா என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"உங்க படம் இல்லன்னா அவன் தப்பிச்சிருப்பான் சார்" என்றார்.

அவருடைய மனைவி என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். குழந்தைகளையும் கும்பிடச் சொன்னாள். அப்போது நான் சொல்லியிருக்கலாம். அவன் கல்லெறியவில்லை, எறிந்தது யாரென்று யாருக்குமே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வண்டி ஓட்ட முடியாமல் போன அந்த மனிதருக்கு அந்த ஒரு நிம்மதிதான் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்குவதா என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாகத்தான் பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். கும்பிட்டவர்கள் முகம் மாறுவதைப் பார்க்கப் பயம். படமெடுத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை. அதையும் அவர் நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டார்.

மாமா வெளியே வந்தபோது பட்டறை முதலாளி திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ரேணிகுண்டாவில் வேறு யாரும் எடுக்கவில்லை. கல்லெறிந்து கண்ணைப் பறித்தவன் என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் ஒவ்வொரு பட்டறை வாசலிலும் உட்கார்ந்திருந்தது. நகரியில் மெட்ராஸோடு சேரக் கேட்ட சிலர் அவரைத் தியாகி என்றார்கள். மாலை போட வந்தார்கள். நான் ஒன்றும் செய்யவில்லையே என்று அவர் சொன்னதும் அவர்களுக்கும் கசந்துவிட்டது. அக்காவை அழைத்துக்கொண்டு அரக்கோணத்துக்குப் போனார். அங்கே ஒரு கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதுகிற வேலை.

அதன் பிறகுதான் எல்லை முடிவானது. திருத்தணி அந்தப் பக்கம் போனது. நகரியும் புத்தூரும் இங்கேயே நின்றன. அறிவிப்பு வந்த வாரம் நான் அரக்கோணம் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லமுடியாது; அதை முன்பே பல முறை கேட்டாகிவிட்டது. அவர் ஒரு முறைகூட என்மேல் குற்றம் சொன்னதில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். மாமா இளைத்துக் கூன் விழுந்திருந்தார். ஆறடி மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "நாரை வந்திச்சாடா இந்த வருசம்?" என்று கேட்டார்.

போய்ப் பார்க்கவில்லை என்றேன்.

"போய்ப் பாக்கறது. அது இன்னா பண்ணிச்சி" என்றார். கை விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டே இருந்தார். எண்ணெய்க் கறை போய் வெளுத்திருந்தன.

கிளம்பும்போது அக்கா வாசல் தாண்டித் தெருமுனைவரை வந்தாள். துன்னுட்டுப் போ என்று ஒரு பேச்சுக்குக்கூட அன்று சொல்லவில்லை. முனையில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"இனிமே வராதடா. நீ வந்துட்டுப் போனா நாலு நாளு அவரு சோறு துன்ன மாட்டேங்கறாரு. சொவத்தப் பாத்துக்கினே ஒக்காந்துக்கினு கீறாரு. வாயத் தொறந்து உன்ன ஒரு வார்த்த திட்டிட்டா தேவல. அதுவும் பண்ண மாட்டேங்கறாரு."

சரி என்றேன்.

அதற்குப் பிறகு மாமா பதினொரு வருஷம் இருந்தார். இரண்டு கல்யாணங்களில் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒருமுறை பந்தியில் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் இலையை மூடிவிடுவாரோ என்று பயந்து நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவர் போன செய்தி தபால் கார்டில் வந்தது. காரியமெல்லாம் முடிந்த பிறகு போட்ட கார்டு. அக்கா எழுதத் தெரியாதவள். யாரையோ பிடித்து எழுத வைத்திருந்தாள். எந்த நாள் என்று இருந்தது, எந்த நேரம் என்று இருந்தது. வா என்று எங்கும் இல்லை.